முடியாட்சிக்குப் பின் வந்த பயங்கரம்: பிரான்ஸா, ரஷ்யாவா?

மன்னராட்சி வீழ்ந்தபின் அரசே மக்களை வேட்டையாடிய வரலாற்றை எதில் தொடங்கிப் படிப்பது என்று பலர் தயங்குகிறார்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம்.

காலம்
பிரான்ஸ்: 1792 செப்டம்பரில் முடியாட்சி ஒழிந்தது, 1794 ஜூலையில் பயங்கர ஆட்சியின் முதன்மைத் தலைவர் ரோபஸ்பியர் வீழ்ந்தார். குறுகிய காலம்.
ரஷ்யா: 1917-இல் ஜார் பதவி விலகியதிலிருந்து 1938 வரையாவது போக வேண்டும்.

அரசின் கருவி
பிரான்ஸ்: சந்தேகப்பட்டாலே கைதுசெய்ய வழிவிட்ட சந்தேகநபர் சட்டம், புரட்சித் தீர்ப்பாயம், தலைவெட்டும் இயந்திரமான கில்லட்டின். தீர்ப்பளித்துக் கொன்றவர்களே சுமார் 17,000 பேர்.
ரஷ்யா: சேக்கா என்ற ரகசியப் போலீஸ். பெரும்பாலும் நீதிமன்றமே கிடையாது.

மதம்
பிரான்ஸ் நோத்ருதாம் பேராலயத்தைப் பகுத்தறிவின் கோயிலாக்கியது. பத்து நாள் வாரம் கொண்டுவந்து ஞாயிறையே ஒழிக்கப் பார்த்தது. கொம்பியேன் மடத்துப் பெண்கள் 16 பேரைக் கொன்றது. சரி, 1801-இல் நெப்போலியன் போப்போடு உடன்படிக்கை செய்துகொண்டார்.

ரஷ்யாவில் அப்படி ஒரு சமரசம் சீக்கிரம் வரவில்லை. 1922-இல் பஞ்ச நிவாரணம் என்று சொல்லித் தேவாலயச் செல்வங்களைப் பறித்தார்கள். பெத்ரோகிராட் பேராயர் வெனியமினைச் சுட்டார்கள். 1931-இல் மாஸ்கோவின் மீட்பர் கிறிஸ்து பேராலயத்தை வெடிவைத்துத் தகர்த்தார்கள். மசூதிகளும் யூத ஜெபக்கூடங்களும் தப்பவில்லை. 1937-38இல் மாஸ்கோ அருகே புதோவோ என்ற இடத்தில் மட்டும் 20,000-க்கும் மேற்பட்டோர் சுடப்பட்டார்கள். அவர்களில் நூற்றுக்கணக்கானோர் மதகுருமார். இதைப் படிக்கும்போது மனம் கனத்துப்போகும்.

சட்டம் எப்படிக் கொலைக்கருவியாகிறது என்று அறிய பிரான்ஸ் போதும். மத ஒடுக்குமுறைதான் உங்கள் அக்கறை என்றால் தயங்காமல் ரஷ்யாவை எடுங்கள்.