கால் தெரியாத வில்லி பெப்: ஒரு ஃபெதர்வெயிட் டிவிடி தொகுப்பு பற்றி

போன மாதம் 3,200 ரூபாய் கொடுத்து ஒரு டிவிடி தொகுப்பு வாங்கினேன். வரலாற்றிலேயே சிறந்த பத்து ஃபெதர்வெயிட் குத்துச்சண்டை வீரர்கள், ஏழு டிஸ்க், கெட்டி அட்டைப் பெட்டி. அட்டையின் பின்பக்கம் ஒன்று முதல் பத்து வரை தரவரிசை போட்டிருந்தது. தயாரித்தவர் பெயரையும் விற்ற கடையின் பெயரையும் எழுதப் போவதில்லை. இதே மாதிரித் தொகுப்புகள் பல பெயர்களில் விற்கின்றன, எதை வாங்கினாலும் கீழே சொல்வதைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

கல்லூரி நாட்களில் நான் 57 கிலோ பிரிவில் சண்டை போட்டவன். தொழில்முறை பாக்சிங்கில் ஃபெதர்வெயிட் என்கிற 126 பவுண்டு பிரிவும் ஏறக்குறைய அதே எடைதான். இப்போது மாலையில் பதினொரு பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். அவர்களுக்குக் காட்டத்தான் இதை வாங்கினேன்.

முதல் டிஸ்க் 1940-களின் அமெரிக்க ஃபெதர்வெயிட் சாம்பியன் வில்லி பெப். எனக்கும் அவர்தான் முதலிடம். 1948 அக்டோபரில் சாண்டி சாட்லரை முதன்முதலாகச் சந்தித்தபோது அவர் கணக்கில் 134 வெற்றி, ஒரே ஒரு தோல்வி, ஒரு டிரா. நடுவில் 1947 ஜனவரியில் விமான விபத்தில் சிக்கி காலும் முதுகும் முறிந்து, அதே ஆண்டு ஜூனிலேயே ரிங்குக்குத் திரும்பியிருந்தார். சாட்லர் அவரை நான்காவது ரவுண்டில் சாய்த்துப் பட்டத்தைப் பறித்தார். பெப்பின் காலம் முடிந்தது என்றே பலரும் நினைத்தார்கள். 1949 பிப்ரவரி 11, முதல் சண்டை நடந்த அதே நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டன் அரங்கு, இரண்டாவது சண்டை. இந்தத் தொகுப்பை நான் வாங்கியதே அந்த ஒரு சண்டைக்காக.

சாட்லர் ஏறத்தாழ மூன்று அங்குலம் உயரம் கூடியவர். கை நீளம், அடி கனம், பிடித்துக்கொண்டே குத்துவதில் கைதேர்ந்தவர். அப்படிப்பட்ட ஆளை 15 ரவுண்டு சமாளிக்க பெப் நம்பியது தன் காலை. எதிராளியின் முன்காலுக்கு வெளிப்பக்கம் தன் காலை வைப்பார், முன்கையால் ஒரு ஜாப் (நேர்க்குத்து), உடம்பைத் திருப்பினால் சாட்லருக்கு முன்னால் ஆள் இருக்காது, பக்கவாட்டில் இருப்பார். முகமெல்லாம் வெட்டுக்காயத்தோடு அன்றைக்குப் பட்டத்தைத் திரும்ப வாங்கினார்.

இதை ஆசை ஆசையாகப் பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்டினேன். இரண்டாவது ரவுண்டுகூட முடியவில்லை, பின்வரிசையில் இருந்த ஒரு பையன் கேட்டான்: "மாஸ்டர், கால் எங்க?"

அப்போதுதான் எனக்கே உறைத்தது. பழைய சதுரமான படத்தை இன்றைய அகலத் திரைக்குப் பொருந்த வைக்க மேலேயும் கீழேயும் வெட்டியிருக்கிறார்கள். முழங்காலுக்குக் கீழே ஒன்றும் தெரியவில்லை. வேறு வீரர் என்றால் பொறுத்துக்கொள்ளலாம். வில்லி பெப்பின் காலை வெட்டிவிட்டு அவரை முதலிடத்தில் வைத்தால், ஏன் முதலிடம் என்று பார்க்கிற பிள்ளைக்கு எப்படிப் புரியும்? டிவியில் அளவை மாற்றிப் பார்த்தேன், பயன் இல்லை. டிஸ்க்கிலேயே அப்படித்தான் பதிவாகியிருக்கிறது. கடைக்கு எழுதினேன். டிஸ்க் ஓடுகிறதா இல்லையா என்பதற்குத்தான் உத்தரவாதம் என்று பதில் வந்தது. இதற்கு எனக்கு உண்மையாகவே கோபம் வந்தது, இன்னும் தீரவில்லை.

வர்ணனையிலும் குறை உண்டு. ரவுண்டு நடக்கும்போதே ஒருவர் மேலே பேசிக்கொண்டே இருக்கிறார். பெல் சத்தம் கேட்பதில்லை, கூட்டத்தின் சத்தமும் கேட்பதில்லை.

சரி, தரவரிசைக்கு வருகிறேன். அட்டையில் இரண்டாம் இடம் ஹென்றி ஆம்ஸ்ட்ராங்குக்கு. அவர் எவ்வளவு பெரிய வீரர் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. 1938-இல் ஃபெதர்வெயிட், லைட்வெயிட், வெல்டர்வெயிட் என்று மூன்று பட்டங்களை ஒரே சமயத்தில் வைத்திருந்தவர், அதுவும் மொத்தமே எட்டு எடைப்பிரிவு இருந்த காலத்தில். ஆனால் 1937 அக்டோபரில் பீட்டி சாரனை வென்று வாங்கிய ஃபெதர்வெயிட் பட்டத்தை அவர் ஒருமுறைகூட அந்த எடையில் காத்து நிற்கவில்லை, விட்டுக்கொடுத்துவிட்டு மேலே போய்விட்டார். எல்லா எடையையும் சேர்த்துப் பட்டியல் போட்டால் அவரை முதல் மூன்றுக்குள் வைப்பேன். இந்த ஒரு எடைக்கான பட்டியலில் இரண்டாம் இடம் சாட்லருக்குத்தான் சேர வேண்டும். அட்டையில் அவருக்கு ஐந்தாம் இடம்! பெப்போடு மோதிய நான்கில் மூன்றை வென்றவர், நூறுக்கும் மேல் நாக்அவுட். 1950-இல் யாங்கி ஸ்டேடியத்தில் பெப் புள்ளியில் முன்னால் இருந்தபோதுதான் தோள் விலகி எட்டாவது ரவுண்டுக்கு எழ முடியாமல் போனது, உண்மைதான். 1951 போலோ கிரவுண்ட்ஸ் சண்டையை பாக்சிங் என்பதைவிட மல்யுத்தம் என்றே சொல்லலாம், அதற்காக இருவர்மீதும் நியூயார்க் குத்துச்சண்டை ஆணையம் நடவடிக்கை எடுத்தது. இதையெல்லாம் கழித்துப் பார்த்தாலும் 1948-இன் அந்த நாலு ரவுண்டு இருக்கிறதே. பெப்பை அப்படி அதற்கு முன் யாரும் செய்ததில்லை.

நான்காம் இடம் நசீம் ஹமீதுக்குக் கொடுத்து, ஒரு முழு டிஸ்க்கும் ஒதுக்கியிருக்கிறார்கள். கயிற்றுக்கு மேலே குட்டிக்கரணம் அடித்து ரிங்குக்குள் குதிப்பதை எத்தனை தடவைதான் காட்டுவது? 1997-இல் கெவின் கெல்லியோடு நடந்த சண்டையில் இருவரும் மூன்று மூன்று முறை விழுந்து எழுந்தார்கள், அதைப் பார்க்கும்போது இன்றைக்கும் நாற்காலி நுனிக்கு வந்துவிடுகிறேன். ஆனால் 2001 ஏப்ரலில் மார்கோ அன்டோனியோ பரேரா பொறுமையாக ஜாபும் ஹூக்கும் (பக்கவாட்டுக் குத்து) போட்டு அவருக்குப் பன்னிரண்டு ரவுண்டும் பாடம் எடுத்துவிட்டார். அந்தச் சண்டை டிஸ்க்கில் வெறும் இரண்டு நிமிடம்தான். இது நேர்மை இல்லை. பரேரா பட்டியலிலேயே இல்லை.

இந்தத் தொகுப்பில் கொடுத்த காசுக்கு ஈடு ஐந்தாவது டிஸ்க். சால்வடோர் சான்செஸ். கலர் படம், வெட்டவில்லை, தலை முதல் கால் வரை தெரிகிறது. 1981 ஆகஸ்ட் 21, லாஸ் வேகாஸ், எதிரே வில்ஃப்ரெடோ கோமஸ். கோமஸ் அதுவரை தோற்றதே இல்லை, 32 வெற்றி, முப்பத்திரண்டும் நாக்அவுட். சான்செஸ் முதல் ரவுண்டிலேயே அவரைக் கீழே தள்ளி, எட்டாவதில் முடித்தார். எங்கள் பிள்ளைகளுக்கு நான் நிறுத்தி நிறுத்திக் காட்டியது சான்செஸின் முகத்தைத்தான். அடி வாங்கும்போதும் கொடுக்கும்போதும் ஒரே முகம், வாய் மூடி, மூச்சு மூக்கில்.

அதற்கு அடுத்தது 1982 ஜூலை 21, அஸுமா நெல்சன். கானாவிலிருந்து கடைசி நேரத்தில் மாற்றாக வந்தவர், பெயரே பலர் கேள்விப்பட்டதில்லை. 15-ஆவது ரவுண்டு வரை சாம்பியனை மூச்சு வாங்க வைத்தார். அந்த ரவுண்டில்தான் சான்செஸ் முடித்தார். இருபத்திரண்டு நாள் கழித்து, ஆகஸ்ட் 12 அன்று, மெக்சிகோவில் கார் விபத்தில் சான்செஸ் இறந்துபோனார். வயது 23. 44 வெற்றி, ஒரு தோல்வி, ஒரு டிரா. இரண்டரை ஆண்டில் ஒன்பது முறை பட்டத்தைக் காத்தவர். நெல்சன் 1984-இல் அதே கோமஸை வீழ்த்தி அதே பட்டத்தை வாங்கியபோது சான்செஸ் உயிரோடு இருந்திருந்தால் என்று நான் எத்தனையோ இரவு யோசித்திருக்கிறேன். அவருக்கு அட்டையில் ஆறாம் இடம். என் கணக்கில் மூன்று.

விசென்டே சால்டிவாருக்கு ஒன்பதாம் இடம், அதுவும் குறைவு. வேல்ஸின் ஹோவர்ட் வின்ஸ்டனோடு அவர் போட்ட மூன்று சண்டைகளில் 1967 கார்டிஃப் சண்டை மட்டும் இருக்கிறது. தொழிற்சாலை விபத்தில் வலது கை விரல் நுனிகளை இழந்தவர் வின்ஸ்டன், இடது கையை நம்பியே இந்த உயரத்துக்கு வந்தவர். அதை டிஸ்க்கில் ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்க கால வீரர்களான அட்டெல், டிரிஸ்கால் இருவருக்கும் வெறும் புகைப்படங்கள். 19 முறை பட்டம் காத்த பனாமாவின் பெட்ரோசா பத்தாவதாக வந்து வேகமாகப் போய்விடுகிறார்.

ஏழாவது டிஸ்க்கைப் பெட்டியில் 'கூடுதல் காட்சிகள்' என்று மட்டும் போட்டிருக்கிறார்கள். நானும் மூன்று வாரம் அதைத் தொடவில்லை. போன ஞாயிறு போட்டுப் பார்த்தேன். மெனுவில் நாலாவதாக, தலைப்பே இல்லாமல், பெப்–சாட்லர் இரண்டாவது சண்டை. சதுரப் படம், வர்ணனை இல்லை, வெட்டு இல்லை. கீறல் நிறைய, ஆனால் காலும் தரையும் தெரிகிறது.

மறுநாள் மாலை பிள்ளைகளை வரவழைத்தேன். கால் எங்கே என்று கேட்ட பையனை முன்வரிசையில் உட்காரச் சொன்னேன். மூன்றாவது ரவுண்டு முடிவதற்குள் எழுந்து நின்று, திரையைப் பார்த்துக்கொண்டே இடது காலை வெளியே வைத்துத் திரும்பிப் பார்க்க ஆரம்பித்துவிட்டான்.

இந்தத் தொகுப்பு 1,500 ரூபாய்க்குள் கிடைத்தால் வாங்குங்கள். ஐந்தாவது டிஸ்க்கும் ஏழாவது டிஸ்க்கும் கீறல் இல்லாமல் இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். முதல் டிஸ்க்கைத் திறக்கவே வேண்டாம்.