செம்மண்ணில் 640 கிலோமீட்டர்: ஒரு டிரெயில் ஷூவும் எங்கள் ஊர்ப் பாதைகளும்

கிருஷ்ணகிரி மாவட்டம் காவேரிப்பட்டினத்துக்குப் பக்கத்தில் ஒரு அரசுப் பள்ளியில் கணக்கு டீச்சர் நான். வயது 43. ஓட ஆரம்பித்து நான்கு வருடம் ஆகிறது. முதல் மூன்று வருடமும் நெடுஞ்சாலை 44-இன் சர்வீஸ் ரோட்டில்தான் ஓடினேன். விடியற்காலையிலும் லாரி ஓயாது, மூக்கு நிறையப் புகை. கடைசியில் இடது முழங்கால் மாடிப்படி ஏறவிடாமல் பிடித்துக்கொண்டது. தாரை விட்டு மண்ணில் இறங்கினால் பரவாயில்லாமல் போகும் என்று பிசியோதெரபிஸ்ட் சொன்னார். சாதாரண ஷூவோடு மண்ணில் இறங்கிய முதல் வாரமே வழுக்கி விழுந்தேன். அதனால் போன ஆகஸ்டில் ஓசூரில் ஒரு கடையில், மண்பாதையில் ஓடுவதற்கென்றே செய்த டிரெயில் ஷூ ஒரு ஜோடி வாங்கினேன். 5,499 ரூபாய்.

பிராண்ட் பெயரை இங்கே எழுதவில்லை. அடுத்த வருடம் இந்த மாடல் கடையில் இருக்காது, வேறு நிறத்தில் வேறு பெயரோடு ஒன்று வந்திருக்கும். அடியில் 4 மில்லிமீட்டர் பல், மேலே மெல்லிய வலை, ஒரு ஷூ 280 கிராம், பாதத்துக்கும் மண்ணுக்கும் நடுவில் முள் தடுக்கும் தகடு கிடையாது. இந்த விலையில் கிடைப்பவை பெரும்பாலும் இப்படித்தான் இருக்கின்றன. நம் ஊர் மண்ணில் இது எப்படி உழைக்கிறது என்பதுதான் வாங்குகிறவர்களுக்குத் தெரியவேண்டியது.

அதிகம் ஓடியது கே.ஆர்.பி. அணை என்கிற கிருஷ்ணகிரி அணையின் கால்வாய்க் கரையில். 1957-இல் தென்பெண்ணையில் கட்டிய அணை இது. இடதுபுறம் ஒன்று, வலதுபுறம் ஒன்று என இரண்டு கால்வாய் பிரிந்து 9,000 ஏக்கருக்கு மேல் பாசனம் கொடுக்கிறது. கரைமேல் டிராக்டர் போய்ப் போய் இரண்டு கோடாகத் தடம் விழுந்திருக்கும், நடுவில் புல். ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் நெல்லும் தென்னையும். தார் ரோட்டை விட இங்கே இரண்டு டிகிரியாவது குளிர்ச்சி என்று என் உடம்பு சொல்கிறது. போக ஐந்து கிலோமீட்டர், வர ஐந்து. மேடு பள்ளம் அதிகம் இல்லாததால் புதிதாக ஓட வருகிற யாரையும் முதலில் இங்கேதான் கூட்டிவருவேன். என் கொழுந்தனார் மகள் போலீஸ் செலக்‌ஷனுக்குத் தயாராவது இந்தக் கரையில்தான். காலையில் வந்தால் அவளைப் போல ஏழெட்டுப் பிள்ளைகளைப் பார்க்கலாம், பாதிப்பேர் வெறுங்காலில்.

காய்ந்த கரையில் இந்த ஷூவுக்கு நூற்றுக்குத் தொண்ணூறு மார்க் கொடுப்பேன். பல் மண்ணைக் கவ்விப் பிடிக்கிறது, முழங்காலில் இடி இல்லை. மூன்றாவது வாரமே மாடிப்படி ஏறும்போது கைப்பிடியைத் தேடுவது நின்றுவிட்டது. மழை பெய்தால் நிலைமை வேறு. ஈரச் செம்மண் பல்லுக்கு நடுவில் அப்பிக்கொண்டு உதிராது. நூறு அடி போவதற்குள் இரண்டு காலிலும் களி உருண்டை கட்டிய மாதிரி ஆகிவிடும். அக்டோபரில் ஒரு நாள் வீட்டுக்கு வந்து தராசில் வைத்துப் பார்த்தேன்: ஒரு ஷூ 610 கிராம். பல் நெருக்கமாக இருப்பதுதான் காரணம். மழைக்காலத்தில் ஓட நினைக்கிறவர்கள் பல்லுக்குப் பல் விரல் நுழைகிற இடைவெளி உள்ள ஷூவாகப் பார்த்து வாங்குங்கள். இன்னொன்று, கரையில் ஓடுகிற யாரும் வெளிச்சம் வருவதற்கு முன்னால் தலையில் மாட்டும் லைட் இல்லாமல் இறங்காதீர்கள். வயல் எலிக்காக வருகிற பாம்பு கரைமேல்தான் படுத்திருக்கும்.

அப்புறம் மாந்தோப்புப் பாதைகள். போச்சம்பள்ளி, சந்தூர் பக்கம் தோப்புக்கும் தோப்புக்கும் நடுவில் வண்டித்தடம் போய்க்கொண்டே இருக்கும். சந்தூரில் வீட்டுக்கு வீடு மாங்கன்று நர்சரி. ஜனவரியில் பூ எடுத்த சமயம் போனால் அந்த வாசம் தொண்டைக்குள் இனிப்பாக இறங்கும், தேனீ இரைச்சல் காதை அடைக்கும். இப்போது மே மாதம், பெங்களூரா மாங்காய் பழமாகிக் கீழே விழுந்து கிடக்கிறது. கூழ் ஃபேக்டரிக்கு லோடு ஏற்றும் டெம்போக்கள் வரிசையாக நிற்கின்றன. அழகு என்று கேட்டால் எனக்கு முதல் இடம் இந்தப் பாதைக்குத்தான்.

ஆனால் ஷூ தோற்றதும் இங்கேதான். தோப்புக்கு வேலி கட்டுவது சீமைக்கருவேல முள்ளில். காற்றில் ஒன்றிரண்டு ஒடிந்து தடத்தில் விழும், மண்ணோடு மண்ணாகக் கிடக்கும். நவம்பர் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, முன்பாதத்தில் சுருக்கென்றது. ஷூவைக் கழற்றிப் பார்த்தால் முள் அடிப்பாகத்தைத் துளைத்து, உள்ளே இருக்கும் மெத்தையைத் துளைத்து, சாக்ஸையும் தாண்டி அரை அங்குலம் ஏறியிருக்கிறது. பிடுங்கினேன், நுனி உள்ளே ஒடிந்துவிட்டது.

ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பாட்டி ஒருவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "கால நீட்டு கண்ணு" என்றார். வேலியோரம் இருந்த எருக்கம் இலையைக் கிள்ளி, பாலை ஒரு சொட்டு முள் ஏறிய இடத்தில் வைத்தார். "கண்ணுல மட்டும் கைய வச்சிடாத" என்று எச்சரித்தார். கொஞ்ச நேரம் கழித்துத் தாலிக் கயிற்றில் கோத்திருந்த ஊக்கை எடுத்துச் சுற்றிலும் நெம்பினார். கறுப்பாக நுனி வெளியே வந்தது. அதற்குப் பிறகு என் ஷூவைக் கையில் வாங்கிக் கட்டைவிரலால் அடியை அமுக்கிப் பார்த்தார். "மெத்து மெத்துன்னு இருக்குதும்மா, முள்ளு ஏறாம என்னா பண்ணும்?" தன் செருப்பைத் திருப்பிக் காட்டினார். டயரில் வெட்டித் தைத்தது. அதில் எத்தனை முள் குத்தி மொட்டையாகி நின்றதோ, அடி முழுக்கப் புள்ளி புள்ளியாகத் தழும்பு.

அன்றைக்கு அந்தப் பாட்டி சொன்னதைத்தான் நான் இந்த ஷூவைப் பற்றிய முடிவாக எடுத்துக்கொண்டேன். நம் கிருஷ்ணகிரி, தருமபுரிப் பாதைகளுக்கு முதலில் பார்க்கவேண்டியது மெத்தை இல்லை, அடியில் தகடு இருக்கிறதா என்பது. கடையில் ராக் பிளேட் என்று கேட்டால் எடுத்துக் காட்டுவார்கள். விலை இரண்டாயிரமாவது கூடும். கொடுக்கலாம். அதே தகடு வெங்கச்சங்கல்லுக்கும் உதவும். காட்டுத்தடத்தில் அந்த வெள்ளைக் கல் நீட்டிக்கொண்டு நிற்கிற இடத்தில் இப்போது ஒவ்வொரு கல்லும் பாதத்துக்குத் தெரிகிறது. வலையைப் பற்றியும் ஒரு குறை. ஓட்டை பெரிது. நாயுருவி விதை வலையில் நுழைந்து சாக்ஸில் குத்திக்கொண்டே வரும். சின்ன ஓட்டையாக, நெருக்கமாக நெய்த வலை இருப்பதைத் தேடுங்கள்.

மலைப்பாதைக்கு வத்தல்மலை. தருமபுரியிலிருந்து காரில் அடிவாரம் போய், கொண்டை ஊசி வளைவுகளில் பாதி நடை பாதி ஓட்டமாக ஏறுவோம். ஏறும்போது ஷூ நன்றாகவே நின்றது. மேலே காப்பித் தோட்டங்களுக்கு நடுவே, சில்வர் ஓக் மரத்தில் மிளகுக்கொடி படர்ந்து நிழல் கட்டியிருக்கும் மண்பாதை இருக்கிறதே, அதில் ஓடுவதற்காகவே இன்னொரு ஜோடி வாங்கலாம். மார்ச்சில் ஒரு மழை பெய்து காப்பி வெள்ளையாகப் பூத்திருந்தபோது போனோம். மல்லிகை மாதிரி வாசனை. எட்டு கிலோமீட்டர் போனதே தெரியவில்லை. இறக்கத்தில்தான் விரல் முன்னால் போய் இடித்து இரண்டு நகம் கறுத்துவிட்டது. அரை சைஸ் பெரிதாக எடுத்திருக்க வேண்டும். ஷூவை மாலையில் போய் அளவு பாருங்கள், அப்போதுதான் கால் வீங்கி உண்மையான அளவில் இருக்கும். ஊர்க்காரர்களின் தோட்டம் அது, பாதையை விட்டுச் செடிக்குள் இறங்காமல் ஓடுங்கள்.

அய்யூர்க் காட்டைப் பற்றிப் பலர் கேட்கிறார்கள். அங்கே இந்த ஷூவைச் சோதிக்கவில்லை, சோதிக்கவும் மாட்டேன். தேன்கனிக்கோட்டையைத் தாண்டினால் யானைகள் நடமாடும் இடம். 2014-இல் காவிரி வடக்கு வனவிலங்கு சரணாலயமாக அறிவித்த காடு அந்தப் பக்கம் விரிந்து கிடக்கிறது. அனுமதி இல்லாமல் காப்புக்காட்டுக்குள் நுழைவது குற்றம். ராகி அறுவடைக் காலத்தில் யானைகள் வயலுக்கே வந்துவிடும். ஒரு முறை ரோட்டோரம் ஆவி பறக்கக் கிடந்த யானை லத்தியைப் பார்த்துவிட்டு அப்படியே காரில் ஏறித் திரும்பினோம். காதில் ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு தனியாக அங்கே ஓடுகிற பிள்ளைகளை நினைத்தால் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. குளிரில் ஓட ஆசைப்பட்டால், தளியில் ஊருக்குள்ளேயே டிசம்பர் பனியில் ஓடலாம். வெள்ளைக்காரர்கள் அதைக் குட்டி இங்கிலாந்து என்று சொன்னது சும்மா இல்லை.

உழைப்பு எப்படி? 310 கிலோமீட்டரில் வலது ஷூவின் முன்பக்கம் அடி பிரிந்து வாய் திறந்துவிட்டது. படம் எடுத்துக் கம்பெனிக்கு மெயில் போட்டேன். பயன்படுத்தியதால் வந்த தேய்மானம், வாரண்டி கிடையாது என்று பதினோராம் நாள் பதில் வந்தது. 310 கிலோமீட்டரில் அடி பிரிவதைத் தேய்மானம் என்று நான் ஏற்கமாட்டேன். நியாயமான ஒரு ஷூ 600-ஆவது தாங்கவேண்டும். பஸ் ஸ்டாண்டு ஓரம் உட்கார்ந்து செருப்புத் தைக்கும் அண்ணனிடம் கொடுத்தேன். பசையைச் சுரண்டி எடுத்து, நூலில் மெழுகு தேய்த்து, முன்பக்கம் வளைவு முழுக்க நெருக்கமாகத் தைத்தார். 120 ரூபாய். பிரியாத இடது ஷூவையும் கேட்டு வாங்கித் தைத்துக் கொடுத்தார். "இதுவும் அடுத்த மாசம் வாய் பொளக்கும் டீச்சர்" என்றார். அதற்குப் பிறகு 330 கிலோமீட்டர் ஓடிவிட்டேன், ஒரு தையல் விடவில்லை.

மொத்தத்தில் ஐந்துக்கு மூன்று. காய்ந்த கால்வாய்க் கரைக்கும் வத்தல்மலை மண்பாதைக்கும் தாராளமாக வாங்கலாம், வாங்கியதும் முன்பக்கம் தைத்துவிடுங்கள். தோப்புத் தடத்துக்கு வேண்டாம். பல் இப்போது 2 மில்லிமீட்டர்தான் மிச்சம். ஜூலையில் கால்வாயில் தண்ணீர் திறக்கும் வரை இதிலேயே ஓடுவேன். அதற்குள் தகடு வைத்த ஜோடிக்குப் பணம் சேர்ந்துவிடும்.