பயண கிரெடிட் கார்டுகள்: பாயிண்ட் சேர்வது சுலபம், சீட் கிடைக்கிறதா என்று பாருங்கள்

கார்டு பற்றிப் பேச்சு வந்தாலே எல்லோரும் கேட்பது "எதுல பாயிண்ட் ஜாஸ்தி?" என்றுதான். அதற்கு விளம்பரமே பதில் சொல்லிவிடும், பெரிய எழுத்தில் போட்டிருப்பார்கள். ஆனால் அந்த பாயிண்டை எங்கே கொண்டுபோய் என்ன வாங்கலாம் என்பது விதிமுறைகளின் பதினைந்தாம் பக்கத்தில் பொடி எழுத்தில் கிடக்கும், கார்டின் தரம் முழுக்க அங்கேதான் இருக்கிறது. பயணத்துக்கென்று விற்கிற கார்டுகளைக் கொஞ்ச காலமாக மாற்றி மாற்றி வைத்துப் பார்த்ததில் எனக்குப் படுவது இது: போக வேண்டிய ஊரில் ஆரம்பித்துப் பின்னோக்கி வர வேண்டும். ஊர், அங்கே போகிற விமானம், அந்த சீட்டை எந்த விமான நிறுவனத் திட்டத்தின் மைலில் (அவர்கள் தருகிற பாயிண்டுக்கு அதுதான் பெயர்) வாங்கலாம், அந்தத் திட்டத்துக்கு எந்த கார்டிலிருந்து பாயிண்ட் மாற்றலாம். கார்டு கடைசியில்தான் வரும்.

மைல் வேலை செய்கிற விதத்தைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். ஸ்டார் அலையன்ஸ், ஒன்வேர்ல்ட், ஸ்கைடீம் என்று விமான நிறுவனங்களுக்குள் மூன்று பெரிய கூட்டணிகள். ஒரு கூட்டணியில் ஒரு நிறுவனத்தின் மைல் இருந்தால் மற்ற உறுப்பினர்களின் விமானத்திலும் சீட் எடுக்கலாம். சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் கிரிஸ்ஃப்ளையர் மைலை வைத்து லுஃப்தான்சாவிலோ ஜப்பானின் ஏஎன்ஏவிலோ போகலாம், பிரிட்டிஷ் ஏர்வேஸின் மைலான ஏவியாஸை வைத்து கத்தே பசிஃபிக்கில் போகலாம். கத்தார் ஏர்வேஸ் 2022-லும் ஃபின்ஏர் 2024-லும் ஏவியாஸுக்கே மாறிவிட்டன, அதனால் அந்த நாணயத்துக்கு இன்னும் கொஞ்சம் மவுசு. உங்கள் விமான நிலையத்தில் எந்தக் கூட்டணியின் விமானங்கள் அதிகம் இறங்குகின்றன என்று பார்த்தாலே பாதி கார்டுகள் பட்டியலிலிருந்து தானாகக் கழன்றுவிடும்.

ஒரே சீட்டுக்கு ஒவ்வொரு திட்டமும் ஒவ்வொரு விலை கேட்கும் என்பது அடுத்த விஷயம், மைலில் மட்டும் இல்லை, மேலே கட்டும் பணத்திலும். பிரிட்டிஷ் ஏர்வேஸ் தன் நீண்ட தூர விமானங்களுக்கு மைலோடு சேர்த்துக் கணிசமான கூடுதல் கட்டணம் வாங்கும். அமெரிக்காவின் யுனைடெட் ஏர்லைன்ஸின் மைலேஜ்பிளஸ் திட்டம் அப்படி எரிபொருள் கட்டணம் சேர்ப்பதில்லை. "இலவச டிக்கெட்" என்று நம்பிப் போய் வரியும் கட்டணமுமாக அரை டிக்கெட் காசு கட்டுகிறவர்கள் இங்கேதான் மாட்டுகிறார்கள்.

சரி, கணக்குக்கு வருவோம். ரொக்கத்தில் 400 ஆகும் டிக்கெட், மைலில் எடுத்தால் 20,000 பாயிண்டும் வரி 60-ம் என்று வையுங்கள். எந்த நாட்டுப் பணமாக இருந்தாலும் கணக்கு ஒன்றுதான். 400-இலிருந்து 60 போனால் 340, அதை 20,000-ஆல் வகுத்தால் ஒரு பாயிண்டின் மதிப்பு 0.017. செலவழிக்கிற ஒவ்வொரு 1-க்கும் ஒரு பாயிண்ட் தருகிற கார்டு என்றால் உங்களுக்குத் திரும்பி வருவது 1.7 சதவீதம். பக்கத்திலேயே ஆண்டுக் கட்டணம் எதுவும் இல்லாமல் 2 சதவீதம் கேஷ்பேக் தருகிற சாதாரண கார்டு இருந்தால் இந்த மைல் கார்டு தோற்றுவிட்டது, அவ்வளவுதான். அதே கார்டு 1-க்கு 2 பாயிண்ட் தந்தால் 3.4 சதவீதம், இப்போது ஜெயிக்கிறது. ஆனால் ஆண்டுக் கட்டணம் 100 என்றால் அந்த 1.4 சதவீத வித்தியாசத்தில் கட்டணத்தை எடுக்கவே ஏழாயிரத்துக்கு மேல் செலவு செய்ய வேண்டும், லாபம் அதற்கப்புறம்தான். இந்தக் கணக்கைப் போடாமல் யாரும் பயண கார்டு வாங்கக் கூடாது என்பேன்.

கார்டுகளில் மூன்று ரகம். ஒரு விமான நிறுவனத்தின் பெயரோடு வருகிற கோ-பிராண்டட் கார்டு, வங்கியின் சொந்தத் தளத்தில் மட்டும் டிக்கெட் எடுக்க விடுகிற கார்டு, பல நிறுவனங்களுக்கு பாயிண்டை மாற்ற விடுகிற கார்டு. அதே நிறுவனத்தில் அடிக்கடி பறப்பவருக்கு முதல் ரகம் நல்லது, செக்-இன் பை இலவசம், முன்னுரிமை போர்டிங் என்று சில வசதிகள் சேர்ந்து வரும். மற்றவர்களுக்கு அது ஒரே கூடையில் எல்லா முட்டையும். இரண்டாவது ரகம் சோம்பேறிகளுக்கு வசதி, ஆனால் பாயிண்டின் மதிப்பை வங்கியே முடிவு செய்துவிடும், அதற்கு மேல் எகிறாது. என் ஓட்டு மூன்றாவதற்கு. பாயிண்டை வங்கியிலேயே வைத்துக்கொண்டு, சீட் கண்ணில் பட்ட பிறகு மாற்றலாம். ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும், பொதுவாக ஒருமுறை மாற்றிவிட்டால் திரும்ப வராது, சில திட்டங்களுக்குப் போய்ச்சேர நாள் கணக்கிலும் ஆகும்.

ஹோட்டல் பாயிண்டை மைலாக மாற்றுவதும் ஒரு வழி. மேரியட் ஹோட்டல்களின் பான்வாய் திட்டம் பெரும்பாலான விமானத் திட்டங்களுக்கு 3 பாயிண்டுக்கு 1 மைல் என்ற விகிதத்தில் மாற்றித் தருகிறது. கேட்க நன்றாக இருக்கும், ஹோட்டலிலேயே செலவழிப்பது பல சமயம் அதைவிட லாபம்.

இணையத்தில் படிக்கிற கார்டு ஆலோசனையில் பெரும்பகுதி அமெரிக்க கார்டுகளைப் பற்றியது. அதை அப்படியே உங்கள் நாட்டுக்குக் கொண்டுவராதீர்கள். கடைக்காரர் தரப்பிலிருந்து கார்டு கொடுத்த வங்கிக்குப் போகிற இன்டர்சேஞ்ச் கட்டணத்திலிருந்துதான் ரிவார்டுக்கான காசில் பெரும்பங்கு வருகிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2015-இல் தனிநபர் கிரெடிட் கார்டுகளுக்கு அதை 0.3 சதவீதத்தில் நிறுத்திவிட்டது, அமெரிக்காவில் கிரெடிட் கார்டுக்கு அப்படி ஒரு பொது உச்சவரம்பு இல்லை. அங்கே புதுசாக கார்டு எடுப்பவருக்குக் கிடைக்கிற வெல்கம் போனஸைப் பார்த்து இங்கிருந்து பெருமூச்சு விட்டு ஒன்றும் ஆகப்போவதில்லை. ஒரே பெயரில் வருகிற அமெக்ஸ் (அமெரிக்கன் எக்ஸ்பிரஸ்) கார்டுக்குக்கூட நாட்டுக்கு நாடு மாற்று விகிதமும் பார்ட்னர் பட்டியலும் வேறு.

இன்னொரு தொல்லை, பாயிண்டின் மதிப்பை ஒரே இரவில் குறைப்பார்கள். இன்னொரு அமெரிக்க நிறுவனமான டெல்டா, எந்த சீட்டுக்கு எத்தனை மைல் என்று சொல்கிற விலைப் பட்டியலையே 2015-இல் தளத்திலிருந்து எடுத்துவிட்டது, யுனைடெட் 2019-இல் அதே வழியில் போனது. இப்போது பல நிறுவனங்களில் மைல் விலையும் டிக்கெட் விலை மாதிரியே ஏறி இறங்குகிறது. அவர்களுக்கு மைல் என்பது வங்கிகளுக்கு விற்கிற சரக்கு, அதுவும் கொழுத்த சரக்கு. கொரோனா முடக்கத்தில் 2020-இல் யுனைடெட்டும் டெல்டாவும் தங்கள் மைல் திட்டங்களையே அடமானம் வைத்துக் கோடிக்கணக்கான டாலர் கடன் வாங்கின என்றால் அதன் மதிப்பைப் புரிந்துகொள்ளலாம். எவ்வளவு அச்சடிப்பது, என்ன விலை வைப்பது என்பதெல்லாம் அவர்கள் கையில். ஆகவே மைலைச் சேமிப்புக் கணக்கு மாதிரி வருடக்கணக்கில் குவித்து வைப்பதில் எனக்கு உடன்பாடே இல்லை. காலாவதி வேறு இருக்கிறது, கிரிஸ்ஃப்ளையர் மைல் 36 மாதத்தில் போய்விடும்.

எந்தச் செலவுக்கு பாயிண்ட் உண்டு என்பதை ஒவ்வொரு கடைக்கும் உள்ள நான்கு இலக்கக் குறியீடு முடிவு செய்கிறது. விமான நிறுவனத்திடமே நேராக வாங்கினால் ஒரு குறியீடு, ஏஜென்சி வழியாக வாங்கினால் 4722. "விமானச் செலவுக்கு ஐந்து மடங்கு" என்று சொல்கிற கார்டு இரண்டாவதற்கு ஒன்றும் தராமல் போகலாம். வாடகை, எரிபொருள், வரி, வாலெட்டில் பணம் ஏற்றுவது போன்றவற்றை நிறைய கார்டுகள் ஒதுக்கிவிடும். உங்கள் செலவில் பாதி அங்கேதான் போகிறது என்றால் விளம்பரத்தில் உள்ள வேகத்தில் பாயிண்ட் ஏறாது.

வெளிநாட்டில் தேய்த்தால் பல கார்டுகள் 3 சதவீதம் அளவுக்கு ஃபாரெக்ஸ் கட்டணம் போடும். மேலே 3.4 சதவீதம் சம்பாதித்தோமே, அது கிட்டத்தட்ட முழுக்க இதிலேயே போய்விடும். பயண கார்டு என்று பெயர் வைத்துக்கொண்டு இந்தக் கட்டணம் வாங்குகிற கார்டை நான் தொடவே மாட்டேன். வெளிநாட்டுக் கடையில் மெஷின் "உங்கள் நாட்டுப் பணத்திலேயே கட்டுகிறீர்களா?" என்று அன்பாகக் கேட்டாலும் வேண்டாம் என்று சொல்லுங்கள், அந்த மாற்று விகிதம் பெரும்பாலும் மோசமாகவே இருக்கும்.

விமான நிலைய லவுஞ்ச் பற்றி நிறையப் பேசுகிறார்கள், எனக்கு அவ்வளவு ஈர்ப்பில்லை. வாசலில் வரிசை, உள்ளே நாற்காலி இல்லை, கூட வருபவருக்குத் தனிக் கட்டணம். நீண்ட இடைநிறுத்தம் இருந்தால் உதவும், அதற்காக மட்டும் ஆண்டுக் கட்டணம் கட்டத் தேவையில்லை. பயணக் காப்பீடு அதைவிட உருப்படியான விஷயம், ஆனால் டிக்கெட்டை அந்த கார்டிலேயே எடுத்திருந்தால்தான் பல இடங்களில் செல்லும். மைலில் எடுத்த டிக்கெட்டுக்கு உண்டா என்று முன்கூட்டியே எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

பில்லை முழுசாகக் கட்டாமல் மீதி வைக்கிற பழக்கம் இருந்தால் மேலே சொன்ன எதுவும் உங்களுக்கு இல்லை. ஆண்டுக்கு 20 சதவீதத்தைத் தாண்டுகிற வட்டிக்கு முன்னால் எந்த மைலும் நிற்காது. வருடத்துக்கு ஒருமுறை, அதுவும் பள்ளி விடுமுறையில் குடும்பத்தோடு நான்கு சீட் தேடுகிறவர்களுக்கும் நான் கேஷ்பேக் கார்டையே சொல்வேன். அந்த நாட்களில் மைல் சீட் ஒன்று கிடைக்கும், இரண்டு கிடைத்தால் அதிர்ஷ்டம். தேதியை முன்னே பின்னே நகர்த்த முடிகிறவர்கள், தனியாகவோ இருவராகவோ நெடுந்தூரம் போகிறவர்கள், தேடிப் பார்க்கிற பொறுமை உள்ளவர்கள், இவர்களுக்குத்தான் பாயிண்ட் மாற்றுகிற கார்டு கொடுத்த காசுக்கு மேலே தருகிறது.

இரண்டாம் வருடக் கட்டணம் வருவதற்கு ஒரு மாதம் முன்பு வங்கியைக் கூப்பிட்டு தள்ளுபடி கேளுங்கள், கேட்டால் சில சமயம் கிடைக்கும். கிடைக்காமல் கார்டை மூடுவது என்று முடிவானால், மூடுவதற்கு முன் பாயிண்டை விமானத் திட்டத்துக்கு மாற்றிவிடுங்கள். வங்கியில் கிடக்கிற பாயிண்ட் பெரும்பாலும் கார்டோடு போய்விடும், மைல் கணக்குக்குப் போனது உங்கள் பெயரிலேயே இருக்கும்.