வேனா, பெட்டியா, தோள்பையா: நடமாடும் ஸ்டுடியோ தொடங்க நினைக்கும் இசைக்கலைஞருக்கு

மேடையில் வாசித்துக்கொண்டிருந்தவர் ஒலிப்பதிவுப் பக்கம் திரும்பினால், முதலில் மனதில் வந்து நிற்பது ஒரு வேன்தான். உள்ளே மிக்ஸர், ஸ்பீக்கர், ஏசி. பின்கதவைத் திறந்தால் கேபிள் சுருள்கள். இந்த ஆசைக்குப் பெரிய முன்னோடிகள் இருக்கிறார்கள். ரோலிங் ஸ்டோன்ஸ் குழு 1960களின் கடைசியில் ஒரு லாரிக்குள் ஸ்டுடியோ கட்டியது. லெட் செப்பெலின், டீப் பர்பிள் போன்றவர்களும் அதைப் பயன்படுத்தினார்கள். ஃபேஸஸ் குழுவின் பேஸ் கிதார் கலைஞர் ரானி லேன், 1970களின் தொடக்கத்தில் ஏர்ஸ்ட்ரீம் டிரெய்லர் ஒன்றுக்குள் தனக்கென்று ஒரு ஸ்டுடியோவை அமைத்தார். வாசிப்பவரே ஸ்டுடியோவை இழுத்துக்கொண்டு போவது என்ற கதை அங்கேயே இருக்கிறது.

ஆனால் அன்றைக்கு லாரி தேவைப்பட்டதற்கு முதல் காரணம் எடை. பல டிராக் (ஒவ்வொரு மைக்குக்கும் தனித் தடம்) பதிவுக்கான 2 அங்குல டேப் மெஷினை நாலு பேர் சேர்ந்தாலும் சுலபமாக மாடியேற்ற முடியாது. வினாடிக்கு 30 அங்குல வேகத்தில் ஓட்டினால் 2,500 அடிச் சுருள் ஒன்று கால் மணி நேரம் சொச்சத்தில் தீர்ந்துவிடும். இன்று 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட்டில் 16 டிராக்கை 2 மணி நேரம் பதிந்தால் மொத்தம் 17 ஜிபிகூட வராது. எடை போய்விட்டது. அப்படியானால் வேன் இன்னும் எதற்கு?

என் கணக்கில் மூன்று வழிகள்தான். ஒன்று, கட்டுப்பாட்டு அறையையே சுமந்து போகும் வேன். இரண்டு, ஃப்ளைட் கேஸ் என்னும் உறுதியான பயணப் பெட்டிகளில் ப்ரீஆம்ப் (மைக்கின் மெல்லிய சிக்னலைப் பெருக்குவது), இன்டர்ஃபேஸ் (அதைக் கணினிக்குள் கொண்டுபோவது), மைக், கேபிள் எல்லாவற்றையும் அடுக்கிப் போய், கிடைத்த அறையில் விரிப்பது. மூன்று, லேப்டாப்பும் சின்ன இன்டர்ஃபேஸும் அடங்கிய தோள்பை.

இவற்றைத் தரம் பிரிக்க விலையையோ டிராக் எண்ணிக்கையையோ முதலில் பார்க்காதீர்கள். வாசிப்பவருக்கும் பதிபவருக்கும் நடுவில் எவ்வளவு தூரம் என்று பாருங்கள். 1971 டிசம்பரில் டீப் பர்பிள் சுவிட்சர்லாந்தின் மாண்ட்ரூவில் பதிவு செய்த கதை இதற்கு நல்ல பாடம். பதிவுக்காகப் பேசி வைத்திருந்த கேசினோ தீப்பிடித்து எரிந்துபோனது. அடுத்துப் போன அரங்கில் சத்தம் தாங்காமல் அக்கம்பக்கத்தார் புகார் செய்தார்கள். கடைசியில் குளிர்காலத்துக்காக மூடிக் கிடந்த ஒரு ஹோட்டலின் நடைவழியில் மெத்தைகளை நிறுத்தி வைத்து வாசித்தார்கள். லாரி வெளியே நின்றது. ஒரு டேக்கை, அதாவது ஒரு முறை வாசித்துப் பதிந்ததை, கேட்க வேண்டுமென்றால் அறைகளையும் பால்கனிகளையும் தாண்டி அந்தக் குளிரில் நடந்து போக வேண்டும். கொஞ்ச நாளில் போய்க் கேட்பதையே விட்டுவிட்டார்கள். அவர்கள் கை தேர்ந்த குழு, தப்பித்தார்கள். முதல் தடவை மைக் முன் நிற்கும் பாடகர் தான் பாடியதைக் கேட்காமல் அடுத்த டேக் பாடினால், அதே தவறு இன்னும் உறுதியாக வரும்.

பெட்டி இங்கே தெளிவாக முந்துகிறது. பக்கத்து அறையில் விரித்தால் நடுவில் ஒரு கதவுதான். டாக்பேக்கில் (வாசிப்பவரின் ஹெட்ஃபோனுக்குப் பேசும் மைக்கில்) பேசிப் பார்த்துச் சரிவரவில்லை என்றால் எழுந்து போய் மைக்கை இரண்டு விரல்கடை நகர்த்திவிட்டு வரலாம். வேனில் இருப்பவர் இதற்குச் சோம்பல்படுவார். அப்புறம் ஈக்யூவில் (பேஸ், ட்ரெபிளைக் கூட்டிக் குறைப்பதில்) பார்த்துக்கொள்ளலாம் என்பார்.

வேனின் இன்னொரு சிக்கலை விற்பவர் சொல்லமாட்டார். உள் அகலம் 1.8 மீட்டர் என்று வையுங்கள். இரு பக்கச் சுவருக்கு இடையில் ஏறத்தாழ 95 ஹெர்ட்ஸில் ஓர் ஒத்ததிர்வு வரும், அதாவது அந்த அதிர்வெண் மட்டும் உள்ளே தேங்கி முழங்கும். உயரமும் அவ்வளவே என்றால் அதே இடத்தில் இன்னொன்றும் சேரும். பேஸ் கிதாரில் விரல் வைக்காமல் மீட்டும் ஜி தந்தி 98 ஹெர்ட்ஸ். அகலத்தின் நடுவில் உட்கார்ந்தவருக்கு அந்த ஸ்வரம் மெலிந்து கேட்கும், சுவரோரம் சாய்ந்தவருக்கு வீங்கிக் கேட்கும். இருவரும் ஒரே டேக்கைப் பற்றிச் சண்டை போடுவார்கள். சுவரில் ஒட்டும் மெல்லிய ஃபோம் இந்த அதிர்வெண்ணை ஒன்றும் செய்யாது. தடிமனான உறிஞ்சிகள் வேண்டும், வைத்தால் இருக்கிற இடமும் போய்விடும். பெட்டியோடு போகிறவருக்கும் நல்ல அறை கிடைக்கும் என்று உறுதியில்லைதான். ஆனால் அவர் பழகிய ஹெட்ஃபோனை நம்பிப் பதிவார், மிக்ஸிங்கை வீட்டுக்கு வந்து செய்வார். வேன்காரர் காசு போட்டுவிட்டோமே என்று உள்ளேயே மிக்ஸ் செய்யப் பார்ப்பார்.

வேனுக்கு ஆதரவாக இங்கிலாந்திலுள்ள ஹெட்லி கிரேஞ்ச் என்ற பழைய வீட்டைக் காட்டுவார்கள். லெட் செப்பெலின் டிரம்ஸை அந்த வீட்டு மாடிப்படிக் கூடத்தில் வைத்து, மேல்தளத்திலிருந்து இரண்டு மைக்கால் பதிந்தது பெயர்பெற்ற சங்கதி. லாரி வெளியே நின்றது உண்மை. ஆனால் அந்த முழக்கம் படிக்கட்டுடையது. அதே கூடத்துக்கு இரண்டு பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனாலும் அது கிடைத்திருக்கும்.

சரி, வேன் எங்கே ஜெயிக்கும்? கச்சேரிப் பதிவில். மேடைச் சத்தத்திலிருந்து விலகி ஸ்பீக்கரில் கேட்க ஒரு மூடிய இடம், எப்போதும் கோத்து வைத்த வயரிங், வந்து நின்றதும் மல்ட்டிகோர் கேபிளை (பல மைக் லைன்கள் ஒன்றாகப் போகும் தடித்த கேபிளை) இழுத்துவிட்டால் தயார். வாரம் தவறாமல் நேரடி நிகழ்ச்சி பதிபவருக்கு, அதுவும் அங்கேயே ஒளிபரப்புக்கு மிக்ஸ் தர வேண்டியவருக்கு, வேறு எதையும் நான் சொல்லமாட்டேன். மாதம் ஒன்றிரண்டு வேலை வருபவருக்கு அது நின்ற இடத்தில் செலவு வைக்கும் வண்டி.

தோள்பையைப் பலர் விளையாட்டுச் சாமானாகப் பார்க்கிறார்கள். தனி வயலின், ஒரு பாடகர், நல்ல எதிரொலி உள்ள கூடத்தில் சேர்ந்திசைக் குழு இவற்றுக்கு ஒழுங்காக வைத்த இரண்டு மைக் போதும். கூடுதல் டிராக் கூடுதல் குழப்பம்தான். கச்சேரிகளிலும் தோள்பைக்கு ஒரு குறுக்குவழி உண்டு. இப்போதைய டிஜிட்டல் மிக்ஸர்கள் பல, யூஎஸ்பி வழியாக ஒவ்வொரு மைக்கையும் தனித்தனி டிராக்காகத் தந்துவிடும். ஆனால் ப்ரீஆம்ப் கெயின் (எவ்வளவு பெருக்குவது என்ற அளவு) அரங்க ஒலியைப் பார்ப்பவர் கையில் இருக்கும். இரண்டாவது பாட்டின் நடுவில் அவர் பாடகரின் கெயினை ஏற்றினால், உங்கள் டிராக்கிலும் ஒரு படி ஏறும். மைக் அளவு உச்சம் தாண்டி உடைந்தால் உங்கள் பதிவும் உடையும். நிகழ்ச்சிக்கு முன்பே அவரோடு ஒரு டீ குடித்துப் பேசி வைப்பதுதான் இதற்கு மருந்து. பெட்டிக்காரர் டிரான்ஸ்ஃபார்மர் ஸ்ப்ளிட்டர் (மைக் சிக்னலை இரண்டாகப் பிரிப்பது) வைத்துத் தன் ப்ரீஆம்ப்புக்குத் தனியாக எடுத்துக்கொள்கிறார்; கெயின் அவர் கையில், கிரவுண்ட் வழியாக வரும் ஹம் இரைச்சலும் பெரும்பாலும் அறுந்துவிடும்.

ஆள் கணக்கு சுருக்கம்தான்: பைக்கு ஒருவர், பெட்டிக்கு இருவர், வேனுக்கு இருவரும் ஓட்டத் தெரிந்த மூன்றாமவரும். மூன்றிலும் ஒன்று கைவிட்டால் இன்னொன்று இருக்கும்படி, பதிவு ஒரே நேரத்தில் இரண்டு கருவிகளில் ஓட வேண்டும், இதில் பேரம் கிடையாது.

இசைக்கலைஞர்களிடம் நான் பார்ப்பது, காது பாட்டில் இருக்கும், இரைச்சலில் இருக்காது. டேக் பிரமாதம் என்று கைதட்டுவார்கள். பின்னால் ஃபிரிட்ஜ் உறுமியது வீட்டுக்குப் போனதும்தான் தெரியும். தன் வாத்தியத்துக்கு ஒரு மைக் கூடுதலாக வைப்பதும் உண்டு. பெட்டியோ பையோ, வாசிப்பவர்கள் இருக்கும் கூடத்துக்குள் நடக்க வைக்கிறது. அங்கே ஒரு நிமிடம் எல்லாரையும் அமைதியாக நிற்கச் சொல்லிக் கேட்டால் ஃபிரிட்ஜ், மின்விசிறி, டியூப்லைட் மூன்றும் தாமாகவே மாட்டிக்கொள்ளும். வேனுக்குள் உட்கார்ந்தவருக்கு அந்த நிமிடம் வாய்ப்பதில்லை.

எனவே முதல் முதலீடு பெட்டிக்கே: 16 இன்புட், ஒரு நல்ல ஸ்ப்ளிட்டர், நீளமான மல்ட்டிகோர். அதிலிருந்து சின்ன இன்டர்ஃபேஸை மட்டும் உருவிக்கொண்டால் அதுவே தோள்பை. வேன் வாங்க வேண்டிய நாள் வந்தால், அந்தப் பெட்டிகளை அப்படியே உள்ளே ஏற்றி போல்ட் போடலாம்.