ஹாமில்டனா, போஹாங்கா? பிலிப்பைன்ஸுக்கு வந்த பழைய கப்பல்கள்

2011 வரை பிலிப்பைன்ஸ் கடற்படையின் தலைமைக் கப்பல் ராஜா ஹுமாபோன். 1943-ல் அமெரிக்காவில் கட்டியது. ஜப்பான் இருபது வருடம் ஓட்டிவிட்டுத் திருப்பிக் கொடுத்த பிறகுதான் மணிலாவுக்கு வந்தது. இப்படிக் கைமாறி வந்த கப்பலையே தலைமேல் வைத்திருந்த கடற்படைக்கு அப்புறம் இரண்டு ரகம் கிடைத்தது. 2011 முதல் அமெரிக்கக் கடலோரக் காவல்படையின் ஹாமில்டன் ரகத்தில் மூன்று. 2019-ல் தென்கொரியாவின் போஹாங் ரகத்தில் ஒன்று.

ஹாமில்டனின் பலம் அதன் எரிபொருள் டேங்க். 115 மீட்டர் நீளக் கப்பல். டீசலில் நிதானமாகப் போனால் 14,000 கடல் மைல் வரை தாங்கும். அவசரமென்றால் இரண்டு கேஸ் டர்பைன்கள் இருக்கின்றன. பழைய போயிங் 707-களில் ஓடிய ஜெட் எஞ்சினின் வாரிசுகள் அவை. 28 நாட் (மணிக்கு 28 கடல் மைல்) வேகம் வரும், எண்ணெய்க் கணக்கு எழுதுபவருக்கு மயக்கமும் வரும். பின்னால் ஹெலிகாப்டர் இறங்கத் தளம் உண்டு.

ஆனால் வீட்டை விற்கும்போது ஃபேனையும் லைட்டையும் கழற்றிக்கொண்டு போவார்களே, அந்தக் கதைதான். பாய்ந்து வரும் ஏவுகணையைச் சுட்டு வீழ்த்தும் ஃபாலன்க்ஸ் பீரங்கியை அமெரிக்கர்கள் எடுத்துக்கொண்டார்கள். நீர்மூழ்கியை ஒலியால் தேடும் சோனாரும், நீருக்கடியில் பாய்ந்து தாக்கும் டார்பிடோவும் 1990-களிலேயே போய்விட்டன. மிச்சம், முன்புறம் ஒரு 76 மி.மீ. பீரங்கி. ஃபிரிகேட், அதாவது முழு போர்க்கப்பல் என்று பதிந்த மணிலா, 2019-ல் ரோந்துக் கப்பல் என்று பெயரை மாற்றிக்கொண்டது. சரியான முடிவு.

போஹாங் சின்னது. 88 மீட்டர், சுமார் 1,200 டன், ஹெலிகாப்டருக்கு இடமே இல்லை. ஆனால் இரண்டு 76 மி.மீ. பீரங்கிகள், சோனார், டார்பிடோ குழாய்கள் எல்லாம் இருந்தன. நீர்மூழ்கியைத் தேடுவதையே மறந்திருந்த கடற்படைக்கு இது பள்ளிக்கூடம் மாதிரி. (2010-ல் டார்பிடோவில் இரண்டாக உடைந்து 46 பேரைப் பலிகொண்ட தென்கொரியக் கப்பல் சோனானும் இதே ரகம் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.)

என்னைக் கேட்டால் ஹாமில்டன்தான். தென்சீனக் கடலில் தினசரி வேலை சண்டையல்ல, வாரக்கணக்கில் அங்கேயே நிற்பது. இலங்கையும் அதே ரகத்தில் ஒன்றை கஜபாகு என்ற பெயரில் வைத்திருக்கிறது. வியட்நாம் இரண்டையும் வாங்கியது: ஹாமில்டனைக் கடலோரக் காவல்படைக்கும் போஹாங்கைக் கடற்படைக்கும் கொடுத்தது.