அச்சகத்தில் செயற்கை நுண்ணறிவு: இரண்டரை ஆண்டுப் பயன்பாட்டுக்குப் பின்

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு சந்துக்குள் இருக்கிறது எங்கள் அச்சகம். கல்யாணப் பத்திரிகை, பில் புத்தகம், கண்ணீர் அஞ்சலி போஸ்டர், ஆடி பிறந்தால் கோட்டை மாரியம்மன் திருவிழா நோட்டீஸ், இவைதான் பிழைப்பு. சுற்றிலும் வெள்ளிக் கொலுசுப் பட்டறைகள். 2023 ஜூன் முதல் செயற்கை நுண்ணறிவு அரட்டைக் கருவிகளைத் தினமும் பயன்படுத்தி வருகிறேன். முதலில் இலவசமாக, பிறகு மாதம் ஏறத்தாழ இரண்டாயிரம் ரூபாய் கட்டி. மூன்று நிறுவனங்களின் கருவிகளை மாற்றி மாற்றிப் பார்த்தாயிற்று. எது எந்தப் பிழை செய்தது என்று சொல்லப்போவதில்லை. எல்லாம் ஒரே குட்டையில் ஊறிய மட்டைகள்தாம்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். கொலுசு வியாபாரிகளுக்கு வடக்கே வாடிக்கையாளர்கள் அதிகம். இந்தியில் ஒரு கடிதம் வேண்டுமென்றால் முன்பு இந்தி தெரிந்த ஒருவரைத் தேடிப்போய்க் காத்திருக்க வேண்டும். இப்போது பட்டறைக்காரர் என் மேசையருகே நின்றுகொண்டே எத்தனை டச் (வெள்ளியின் தரம்), கூலி எவ்வளவு, சரக்கு எப்போது கிளம்பும் என்று சொல்லச் சொல்ல, டீ ஆறுவதற்குள் கடிதம் தயாராகிவிடுகிறது. அந்த வேலையில் இதுவரை புகார் வந்ததில்லை. ஆங்கிலக் கடிதமும் அப்படியே. இந்த இரண்டுக்காக மட்டும் வாங்குகிறவர்கள் தயங்காமல் வாங்கலாம்.

தமிழில்தான் சிக்கல். இந்தக் கருவிகள் எழுத்தைச் சிறு துண்டுகளாக நறுக்கி, அடுத்த துண்டு எதுவாக இருக்கக்கூடும் என்று கணித்து எழுதுகின்றன. அவற்றுக்குப் படிக்கக் கிடைத்த தமிழ், ஆங்கிலத்தோடு ஒப்பிட்டால் கையளவுதான். அதனால் ஒரே வாக்கியத்தைக் காலையில் கொடுத்தால் ஓரிடத்தில் ஒற்று மிகும் என்கிறது, மாலையில் கொடுத்தால் அதே இடத்தில் மிகாது என்கிறது. படம் வரையச் சொன்னால் 2023-இல் தமிழ் எழுத்துகள் மண்புழுக்களாக நெளிந்தன, இப்போது தேவலாம். ஏற்காட்டில் விடுதி நடத்துகிறவர் ஒருவருக்குச் சிற்றேடு எழுதச் சொன்னபோது, மலை ரயிலில் ஏறி வரும் சுகத்தைப் பற்றி ஒரு பத்தி உருகி உருகி எழுதியது. இருபது கொண்டையூசி வளைவுகளில் பஸ்ஸின் சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வயிறு கலங்க ஏறியவர்களுக்குத்தான் தெரியும் அந்தச் சுகம். விடுதிக்காரர் சிரித்துவிட்டார். நானும் சிரித்தேன்.

சிரிக்க முடியாத ஒன்றும் நடந்தது. ஏற்காட்டில் ஒரு காப்பித் தோட்டத்தில் கணக்குப்பிள்ளையாக இருந்த பெரியவர் எழுதிய நோட்டுப் புத்தகத்தை அவருடைய பேரன் கொண்டுவந்தார். சிறு நூலாக அச்சிட வேண்டும். ஈரம் பட்டு மை கலைந்த பக்கங்கள். செல்பேசியில் படம் எடுத்துக் கருவிக்குக் கொடுத்தேன். நாற்பது பக்கங்களை ஒரு மதியத்தில் தட்டச்சு செய்து முடித்தது, உண்மையிலேயே அசந்துபோனேன். ஒரு பக்கத்தில் "அந்த வருஷம் மழை பொய்த்தது" என்று இருந்தது. படிக்க நன்றாகத்தான் இருந்தது. புரூப்பை, அதாவது பிழை பார்க்க எடுத்த சோதனை அச்சைப் பார்த்த பெரியவர் கோபத்தோடு தொலைபேசியில் அழைத்தார். மலையில் மண் சரிந்து பாதை அடைபட்டு, கீழே இறங்க வழியில்லாமல் கிடந்த வருடமாம் அது. நோட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். "பெய்தது" என்றுதான் எழுதியிருக்கிறார். பெ-க்குப் பக்கத்தில் ஒரு சொட்டு நீர் பட்டு மை இழுத்துக்கொண்டு, துணைக்கால் போலத் தெரிகிறது. அங்கே "பொ" என்று படித்துவிட்ட பிறகு, த் ஒன்றைத் தானே சேர்த்துச் சொல்லை ஒழுங்காக முடித்துவிட்டது கருவி.

மனிதக் கண்ணும் அங்கே ஏமாந்திருக்கும், ஒப்புக்கொள்கிறேன். என் அப்பா இதே ஊரில் ஓர் அச்சகத்தில் அச்சுக் கோப்பவராக இருந்தார். கையெழுத்துப் பிரதியில் ஓர் எழுத்து விளங்காவிட்டால், அந்த இடத்தில் ஏதாவதோர் ஈய எழுத்தைத் தலைகீழாகச் செருகிவைப்பார். புரூப்பில் அது கறுப்புக் கட்டையாக விழும். முதலாளி கேட்பார், எழுதியவரிடம் ஆள் போகும், பிறகு சரியான எழுத்து ஏறும். "தெரியவில்லை" என்று சொல்ல அவருக்கு ஒரு கருவி இருந்தது. என்னுடைய கருவிக்கு அது இல்லை. தெரிந்ததையும் தெரியாததையும் ஒரே குரலில், ஒரே அழகோடு சொல்கிறது. இரண்டரை ஆண்டில் பல பிழைகள் குறைந்திருக்கின்றன. இது குறைந்தபாடில்லை.

கடைக்கு வருகிறவர்கள் அடிக்கடி கேட்பது ஒன்றுதான்: "இது வந்தே தீருமா? தடுக்கவே முடியாதா?" அப்பாவின் கதையைச் சொல்லாமல் இதற்கு என்னால் பதில் சொல்ல முடியாது. பெரியாரின் எழுத்துச் சீர்திருத்தம் 'குடிஅரசு' இதழில் 1935-இலேயே வந்துவிட்டது. அச்சுக் கோப்பவர்களுக்கு வேலை எளிதாகும், எழுத்துப் பெட்டியில் அறைகள் குறையும் என்று எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் அரசாணை வர 1978 ஆயிற்று. துதிக்கை போல வளைந்த பழைய லை-யையும் னை-யையும் அப்பா பெட்டியிலிருந்து எடுத்தது அதற்குப் பிறகுதான். நாற்பத்து மூன்று ஆண்டுகள் காலம் அங்கேயேதான் இருந்தது. யாரோ ஒருவர் கையெழுத்துப் போட்ட பிறகே எழுத்து மாறியது.

1996-இல் அப்பாவின் முதலாளி கணினி வாங்கினார். "காலம் மாறிப்போச்சு, நான் என்ன செய்ய?" என்று சொல்லி அப்பாவின் கணக்கை முடித்தார். கணினி வாங்கியது அவர், அப்பாவுக்கு அதைக் கற்றுத்தர வேண்டாம் என்று முடிவு செய்ததும் அவர். பழி மட்டும் காலத்தின் மேல்.

2024 தொடக்கத்தில் நானும் அதையே செய்தேன். பன்னிரண்டு ஆண்டுகளாக எங்களிடம் தட்டச்சு செய்துவந்த பெண்ணை அரை நாள் வேலைக்கு மாற்றினேன். "காலம் அப்படி இருக்கிறதும்மா" என்றேன். "சரிங்க அண்ணா" என்று மட்டும் சொன்னார். அவ்வாண்டு ஆவணியில் ஒரு கல்யாணப் பத்திரிகையில் தமிழ் வருடத்தைக் கருவி சோபகிருது என்று போட்டது. சித்திரையிலேயே குரோதி பிறந்துவிட்டது. நானூறு பத்திரிகைகள் அச்சாகி, மஞ்சள் தடவும்போது மணப்பெண்ணின் தாத்தா கண்டுபிடித்தார். மறுபடி அச்சிட்ட செலவு என்னுடையது. பிழை பார்க்க வேண்டியவர் அந்த மதியம் வீட்டில் இருந்தார், நான் அனுப்பியதால். பிறகு முழு நாள் வாருங்கள் என்று அழைத்தேன். அதற்குள் ஒரு துணிக்கடையில் பில் போடச் சேர்ந்துவிட்டிருந்தார். வரவில்லை.

வந்தே தீரும் என்ற பேச்சு சேலத்துக்காரர்களுக்குப் புதிதல்ல. 2018-இல் சென்னைக்கு எட்டு வழிச்சாலை வந்தே தீரும் என்றார்கள். 277 கிலோமீட்டர், பத்தாயிரம் கோடி ரூபாய். விவசாயிகள் வயலில் நின்றார்கள், வழக்குப் போட்டார்கள். நிலம் எடுக்கும் அறிவிப்புகளை 2019 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. திட்டத்தைத் தொடரலாம் என்று 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகும் சாலை இன்னும் வரவில்லை. அது நல்ல திட்டமா கெட்ட திட்டமா என்பது வேறு வழக்கு. வந்தே தீரும் என்று சொல்லப்பட்ட ஒன்று வராமல் நிற்பதை இந்த மாவட்டம் கண்ணால் பார்த்திருக்கிறது.

செயற்கை நுண்ணறிவு அப்படி நிற்குமா? நிற்காது என்றே நினைக்கிறேன். 2023 மார்ச்சில் அறிஞர்களும் தொழிலதிபர்களும் கையெழுத்திட்டு, இந்தக் கருவிகளை இயக்கும் பெரிய மாதிரிகளுக்குப் பயிற்சி கொடுப்பதை ஆறு மாதம் நிறுத்துங்கள் என்று ஒரு திறந்த மடல் வெளியிட்டார்கள். யாரும் நிறுத்தவில்லை. காரணம் எனக்கு நன்றாகவே புரிகிறது, ஏனென்றால் எனக்கும் ஓர் எதிர்க்கடை இருக்கிறது. நான் நிறுத்தினால் அவர் பத்திரிகையை ஒரு மணி நேரத்தில் கொடுத்துவிடுவார். அவரைக் கேட்டால் என்னைக் காட்டுவார். இருவரும் சேர்ந்து உட்கார்ந்து பேசினால் தட்டச்சுக்கும் பிழை திருத்தத்துக்கும் இவ்வளவு கூலி என்று ஒரு விலை வைக்கலாம். பேசியதில்லை. பேசி நிறுத்தியவர்களும் உண்டு. மரபணுவை வெட்டி ஒட்டும் ஆய்வுகள் சிலவற்றை 1974-இல் விஞ்ஞானிகள் தாங்களாகவே நிறுத்திவைத்து, மறு ஆண்டு கலிபோர்னியாவில் அசிலோமரில் கூடி விதிகள் வகுத்த பிறகுதான் தொடர்ந்தார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் செயற்கை நுண்ணறிவுச் சட்டம் 2024 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்துவிட்டது. கருவி வருவது என் கையில் இல்லை. அது வந்தபோது என் கடையிலிருந்து யார் போனார் என்பது முழுக்க என் கையில் இருந்தது, அதைத்தான் நான் காலத்தின் கணக்கில் எழுதினேன்.

இப்போது பயன்படுத்தும் முறை இது. எந்த வேலையானாலும் தாளில் புரூப் எடுத்துச் சிவப்புப் பேனாவால் பார்க்காமல் அச்சுக்குப் போகாது. தமிழ்த் தேதி, உறவுமுறை, ஊர்ப்பெயர் மூன்றையும் கருவியிடம் விடுவதே இல்லை. பிழை பார்க்க ஆள் தேவை என்று வாசலில் எழுதி ஒட்டியிருக்கிறேன். வந்த ஒருவர், "அதையும் அதுவே பார்த்துக்கொள்ளாதா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

பெரியவரின் நோட்டு இன்னும் முடியவில்லை. படிக்க முடியாத இடத்தில் ஒரு கறுப்புக் கட்டம் போடு என்று கருவிக்குச் சொல்லி, எல்லாப் பக்கங்களையும் மறுபடி கொடுத்தேன். போன வாரம் வந்த பக்கங்களில் மூன்று கட்டங்கள் இருந்தன. நோட்டோடு வைத்துப் பார்த்தேன். இரண்டு இடங்களில் எழுத்து பளிச்சென்று தெரிகிறது. மூன்றாவது சரி. மழை வந்த பக்கத்தில் கட்டம் எதுவும் இல்லை. இந்த முறையும் பொய்த்தது என்றே இருக்கிறது.