ஹெட்செட் மாடிங்: பேட் மாத்துறதா, உள்ள பஞ்சு வைக்கிறதா?

ஹைப்பர்எக்ஸ் க்ளவுட் 2 மாதிரி பின்பக்கம் மூடின கேமிங் ஹெட்செட்ல பேஸ், அதாவது கனமான அடிச்சத்தம், கொழகொழன்னு கேக்குதுன்னா வீட்டுலயே ரெண்டு வழி இருக்கு.

ஈஸியானது பேட், அதாவது காதுல படற குஷன், மாத்துறது. தோல் மாதிரி இருக்கற லெதரெட் பேட் காதைச் சுத்தி காத்து போகாம அடைச்சுக்கும், அதனாலதான் பேஸ் அவ்ளோ ஏறுது, துணி மாதிரி இருக்கற வெலூர் பேட் போட்டா அந்த அடைப்பு லூசாகி பேஸ் எறங்கும், குரலும் காலடிச் சத்தமும் தெளிவா முன்னாடி வரும், காதும் அவ்வளவா வேர்க்காது. ஆனா ஃபேன் சத்தமும் சேர்ந்து உள்ள வரும். பழைய க்ளவுட் 2 பாக்ஸ்லயே ஒரு ஜோடி வெலூர் வந்துச்சு, வச்சிருந்தா தேடி எடுங்க!

பஞ்சு வைக்கணும்னா கப்பைக் கழட்டணும். டிரைவருக்கு, அதாவது உள்ள இருக்கற குட்டி ஸ்பீக்கருக்கு, பின்னாடி கொஞ்சமா, ரெண்டு பக்கமும் ஒரே அளவு வச்சா, கப் சுவர்ல பட்டு திரும்பி வர சத்தத்தை அது உறிஞ்சிடும், டப்பாக்குள்ள கேக்கற மாதிரி இருக்கறது குறையும். டிரைவர் பின்னாடி இருக்கற ஓட்டையை மட்டும் அடைச்சிடாதீங்க, பேஸே மாறிடும். உள்ள இருக்கற ஒயர் தலைமுடி மாதிரி இருக்கும், அறுந்தா சால்டரிங்தான்.

நான் பேட்டைத்தான் சொல்லுவேன், புடிக்கலன்னா பழசையே திரும்ப மாட்டிக்கலாம். அதுக்கப்புறமும் டப்பா சத்தம் போகலன்னா ஸ்க்ரூட்ரைவரை எடுங்க.